கோகிலாவின் மூன்றாவது கையெழுத்து

சிலேட்டு பொய் சொல்லாது என்று சட்டம் சொல்கிறது. சட்டத்தை எழுதியவர்கள் யாரும் ஒரு சிலேட்டைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டியவர்கள் இல்லை. நான் நிறைய மாட்டியிருக்கிறேன். அது பொய் சொல்லாது, சரி. ஆனால் யாருடைய உண்மையைச் சொல்கிறது என்பதில் சில நேரம் குழப்பிவிடும்.

சிலேட்டு என்று ஊரில் சொல்வது கையொப்பப் பலகையை. அரசாங்கம் வைத்த பெயர் நீளமானது, யாரும் சொல்வதில்லை. முதலில் கணினியில் படிவத்தை நிரப்ப வேண்டும். பிறகு இடது உள்ளங்கையைச் சிலேட்டின் மேல் வைத்துக்கொண்டு, வலது கையால் அதன் கீழ்ப்பாதியில் கையெழுத்துப் போட வேண்டும். பழைய மின்கையொப்பம், போட்டது நீங்கள்தானா என்று மட்டும் பார்த்தது. இது, போட உங்களுக்கு மனம் இருக்கிறதா என்றும் பார்க்கும். நாடி, வேர்வை, விரல் நுனியின் சூடு, இன்னும் நான் படிக்காமல் விட்ட பாடங்களில் வரும் ஏதேதோ. மனம் இருந்தால் பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு.

நல்ல நோக்கத்தில்தான் வந்தது. வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு பிறகு சாவகாசமாக நிரப்புவது நம் பக்கம் ஒரு தொழிலாகவே நடந்தது. கட்டிக்கொடுத்த பெண்களிடம், காது கேட்காதவர்களிடம், ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடப்பவர்களிடம். சிலேட்டு வந்ததும் அது நின்றது. வேறு சில ஆரம்பித்தன. கல்யாணத்தைப் பதிவு செய்ய வந்த மாப்பிள்ளைக்குச் சிவப்பு விழுந்து, இரண்டு குடும்பமும் அலுவலக வாசலில் அடித்துக்கொண்டது. கையெழுத்துக்கு முன் படபடப்பை அடக்க மாத்திரை விற்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்கச் சிலேட்டுக்கு ஒரு புதிய பாகம் வந்தது. அதைக் கழற்றித் தருகிறேன் என்று ஈரோட்டில் ஒருவன் விளம்பரமே போட்டான். எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. ராஜினாமாக் கடிதத்தில் மட்டும் இதுவரை ஒரு சிவப்புகூட விழுந்ததில்லை.

நான் சிலேட்டுகளின் உதவி மையத்தில் இரவு வேலை. பொறியியலை மூன்றாம் ஆண்டில் விட்டவனுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது, எனக்கு இதைவிட நல்லது தேவையும் இல்லை. கல்லூரியில் சேர்ந்தபோது சாதாரணத் தாளில்தான் கையெழுத்து வாங்கினார்கள். சிலேட்டு இருந்திருந்தால் அன்றைக்கே சிவப்பு விழுந்து எல்லாருக்கும் நேரம் மிச்சமாகியிருக்கும்.

அன்று பகல் வேலை பார்ப்பவன் தன் அக்கா குழந்தைக்குக் காது குத்து என்று விடுப்புப் போட்டுவிட்டான். என்னைத் தாராபுரத்துக்கு அனுப்பினார்கள். வெயில் எனக்கு ஒத்துக்கொள்ளாது. ஆட்களும்தான். போனேன்.

பதிவு அலுவலகத்துக்கு எதிரே வரிசையாக ஆவண எழுத்தர்களின் அறைகள். மூன்றாவது அறை சதாசிவத்துடையது. நெற்றியில் திருநீறும், சட்டைப் பையில் எழுதாத இரண்டு பேனாக்களுமாக வாசலிலேயே நின்றார்.

"வாங்க தம்பி, வாங்க. மெசினு கோளாறு. வேற ஒண்ணுமில்லீங்."

"மெசின் கோளாறுன்னு எப்பிடிங்ணா தெரியும்?"

"பின்ன? மனுசங் கோளாறுன்னு சொல்லச் சொல்றீங்களா? எம்பட பொளப்பு நடக்கோணுமல்ல?"

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே ஐம்பதைத் தாண்டிய ஒருவர், வெள்ளை வேட்டி, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பெயர் சென்னியப்பன். விவசாயம். பக்கத்தில் மனைவி மஞ்சுளா, மடியில் புடவையும் பூவும் வைத்த தட்டோடு. எதிர்ச் சுவர் ஓரமாக, அவர்களிடமிருந்து நாற்காலியை நன்றாகத் தள்ளிப் போட்டுக்கொண்டு சென்னியப்பனின் தங்கை கோகிலா. கோவையில் ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்திருக்கிறார். ஊசி குத்துகிறவர்களுக்கே உரிய பார்வை. என் முழங்கை மடிப்பைத்தான் முதலில் பார்த்தார்.

விஷயம் இதுதான். அப்பா அம்மா போன பிறகு ஊரில் ஒரு தோட்டமும் கிணறும் அண்ணன் தங்கை இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. கோகிலா தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் போடுகிறார். எங்கள் பக்கம் தங்கைகள் வழக்கமாகச் செய்வது. கையெழுத்துப் போட்டதும் அண்ணன் ஒரு புடவை எடுத்துக் கொடுப்பார். ஆனால் கோகிலாவின் பெயருக்குக் கீழே இரண்டு முறை சிவப்பு விழுந்துவிட்டது. புடவை தட்டிலேயே இருந்தது.

மூன்றாவது முறையும் சிவப்பு என்றால் விவகாரம் எங்கள் கையில் இல்லை. தானாகவே வற்புறுத்தல் விசாரணைக்குப் போய்விடும். அதிகாரி ஊருக்கு வந்து அக்கம்பக்கம் விசாரிப்பார். அண்ணன் மிரட்டினாரா என்று கேட்பார். அதைவிட மோசமானது, யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பதிவில் ஒரு வரி ஏறும். 'கோகிலா: மனமில்லை.'

"அந்த ஒரு வரிதான் தம்பி எனக்கு வேண்டாம்" என்றார் கோகிலா. "விசாரணை வரட்டும், போகட்டும். அந்த வரி வரக்கூடாது."

"ஏனுங்க?"

"போன மாசம் காங்கேயத்துல ஒரு கல்யாணம். பந்தியில என்ர பின்னாடி ஒக்காந்து ரெண்டு பேரு பேசறாங்க. 'அண்ணங்காரன் பாவம், அந்தக் கோயமுத்தூர்க்காரி நெலத்த விடாமப் புடிச்சுட்டுக் கெடக்கறா. சம்பாரிக்கறது பத்தலையாட்ட இருக்குது'ன்னு. நான் ஒரு நாளு, ஒரு பொழுது, அந்த நெலத்தப் பத்தி வாயத் தொறந்ததில்ல. கேளுங்க, அவரையே கேளுங்க."

சென்னியப்பன் தலையாட்டினார். "தொறந்ததில்லீங்."

"அதனாலதான் நானாவே வந்தேன். யாரும் கூப்புடல. கையெழுத்துப் போட்டுட்டு எல்லார் வாயையும் அடைக்கலாம்னு வந்தா, இந்த மெசினும் அவங்க சொன்னதையே சொல்லுது."

மஞ்சுளா தட்டைப் பார்த்துக்கொண்டே, "மனசுக்குள்ள ஏதாச்சும் இருந்தாச் சொல்லிரு கோகிலா, நாங்க ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டோம்" என்றார்.

"நாலு நாளா இதையேதான் சொல்றாங்க தம்பி. நெனைச்சுக்க மாட்டோம், நெனைச்சுக்க மாட்டோம்னு நெனைச்சுட்டே இருக்காங்க."

நான் சிலேட்டைக் கழற்றினேன். உள்ளங்கை படும் கண்ணாடியில் சந்தனம், எண்ணெய், ஒரு மிட்டாய்த் தாள். துடைத்தேன். அதன் நினைவில் இருந்ததைக் கணினியில் இறக்கிப் பார்த்தேன். முதல் கையெழுத்து, போன வியாழக்கிழமை. சிலேட்டின் கடிகாரப்படி பகல் ஒன்றே முக்கால். கணினியின் கடிகாரப்படி காலை பத்தே முக்கால். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் யாருடைய மனதையும் பார்க்காமலே சிவப்புக் காட்டும். பழைய தேதியில் பத்திரம் போடுகிறவர்களைப் பிடிக்க வைத்த ஏற்பாடு.

"சதாசிவண்ணா, கம்ப்யூட்டர் கடிகாரத்த யாரு தொட்டது?"

அவர் காதைச் சொறிந்தார். "அது வந்துங் தம்பி, வியாழக்கெழமை ஒண்ணரை மூணு ராகு காலம். இவங்க வந்து சேரவே ஒண்ணரை ஆயிருச்சு. பத்திரத்துல நல்ல நேரமா விழுகட்டுமேன்னு கொஞ்சம் பின்னால தள்ளி வெச்சேன்."

"யாரு வெக்கச் சொன்னாங்க?"

"யாருஞ் சொல்லோணுங்களா? எல்லாத்துக்கும் வெக்கறதுதான். ஒருத்தரும் இதுவரைக்கும் குத்தம் சொன்னதில்லீங்."

"எல்லாத்துக்குமா?"

"பேர மாத்தறது, வாடகைப் பத்திரம், இதுக்கெல்லாம் மெசினு கண்டுக்காதுங். நெலம்னாத்தான் மொறைக்குது."

மஞ்சுளாவின் முகம் தெளிந்தது. "அப்பொ கோகிலா மேல தப்பே இல்லையா? பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்ல?" என்று கணவனைப் பார்த்தார். அவர் அப்பவே சொன்னது வேறு என்பதைக் கோகிலா நினைவூட்டவில்லை. நாற்காலியை மட்டும் ஒரு முழம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நான் இதோடு விட்டிருந்தால் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு அடுத்த பேருந்தைப் பிடித்திருப்பேன். ஆனால் இரண்டாவது கையெழுத்து மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் போட்டது. நல்ல நேரத்திலேயே வந்துவிட்டதால் கடிகாரத்தை யாரும் தொடவில்லை. இரண்டு கடிகாரமும் ஒத்துப்போயின. இந்தச் சிவப்பு நிஜம்.

சொன்னேன். பூசி மெழுகி எனக்குச் சொல்லத் தெரியாது. "மொதோ செவப்பு கடிகாரத்தோடது. ரெண்டாவது மனசோடதுங்க."

நாற்காலி திரும்பச் சுவருக்குப் போய்விட்டது.

வாசலில் நிழல் விழுந்தது. வெள்ளைச் சட்டை, தங்கக் கடிகாரம். எதிர் டீக்கடையிலிருந்து ஒருவர் தலையை மட்டும் உள்ளே நீட்டினார். "மாப்ள, ஆச்சா?"

"இன்னுங் கொஞ்ச நேரமாகுமுங்க மச்சான்" என்றார் சென்னியப்பன்.

"ஆகட்டும், ஆகட்டும். கொட்டாய்க்காரன் அளவெடுக்க வந்துட்டான், தோட்டத்துலதான் நிக்கறான். அதான் கேட்டேன்." தலை போய்விட்டது.

மஞ்சுளாவின் அண்ணன் லோகநாதன் என்று சதாசிவம் என் காதில் சொன்னார். பத்திரம் முடிந்ததும் தோட்டத்தில் கறிக்கோழிப் பண்ணை போடப் போகிறாராம். கிணற்றடியில் ஆரம்பித்து மேட்டு நிலம் வரைக்கும் கொட்டகை. இன்றைக்கே வேலை தொடங்கவேண்டும் என்று நிற்கிறார்.

நான் படிவத்தை மறுபடி பார்த்தேன். விட்டுக்கொடுப்பவர் கையெழுத்து மேலே. ஏற்றுக்கொள்பவர் கையெழுத்து கீழே. பதிவான நேரத்தைப் பார்த்தால் தலைகீழாக இருந்தது. கீழே இருந்தது முதலில் விழுந்திருக்கிறது.

"மொதல்ல போட்டது யாருங்க?"

"அண்ணந்தான்" என்றார் சதாசிவம், இதையெல்லாமா கேட்பார்கள் என்ற குரலில்.

"படிவத்துல குடுக்கறவங்க மொதல்லன்னு போட்டிருக்குதே?"

"போட்டிருக்கட்டுமுங்க. மூத்தவரு முன்னால நிக்கறப்ப எளையவங்க போயி மொதல்ல கையெழுத்துப் போட்டா நல்லாவா இருக்கும்? நம்ம பக்கம் எந்தப் பத்திரத்துக்கும் பெரியவங்கதான் மொதல்ல. நாந்தான் அவரக் கூப்புட்டு ஒக்கார வெச்சேன்."

"ரெண்டு தடவையும்?"

"ரெண்டு தடவையும்."

நான் பேனாவை வைத்துவிட்டு எல்லாருக்கும் சொல்கிற மாதிரி சொன்னேன். "வாங்கறவரு மொதல்ல போட்டா சிலேட்டு ஒரு பதிலும் சொல்லாதுங்க. கைய வாங்கிப் பத்திரமா வெச்சுக்கும். இன்னும் குடுக்காத ஒண்ண வாங்கறதுக்கு மனசிருக்கா இல்லையான்னு அது எப்பிடிப் பாக்கும்? குடுக்கறவங்க போட்டதுக்கப்பறம் ரெண்டு கையையும் சேத்து வெச்சு ஒரே பதிலாச் சொல்லும். அந்தப் பதிலு யாரு கடைசியாப் போட்டாங்களோ அவங்க பேருக்குக் கீழ வரும்."

சதாசிவம் புரிந்த மாதிரித் தலையாட்டினார். மஞ்சுளா புரியாமல் தலையாட்டினார். கோகிலாதான் மெதுவாக எழுந்து வந்தார். இரண்டு ரத்தக் குப்பியில் சீட்டு மாறியிருந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்.

"அப்பொ அந்தச் செவப்பு என்னுதுன்னு உங்களுக்குத் தெரியாது."

"தெரியாதுங்க."

"யாருதுன்னு பாக்க முடியுமா?"

"முடியும். மாதிரிப் படிவம்னு ஒண்ணு இருக்குது, எங்க ஆளுங்க சோதிச்சுப் பாக்கறதுக்கு. இதே பத்திரத்த அதுல ஏத்தறேன். பதிவுக்குப் போகாது, கணக்குலயும் வராது. ஒவ்வொருத்தரா, சரியான வரிசையில போடுங்க."

கோகிலா உட்கார்ந்தார். உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தார். திரையில் பத்திரத்தின் வாசகம் முழுவதும் ஓடி முடியும்வரை காத்திருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பச்சை. யோசிக்கக்கூட இல்லை, உடனே.

மஞ்சுளா கைதட்டிவிட்டார். தட்டிலிருந்த பூ கீழே விழுந்தது. கோகிலா பச்சையைப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். அழுகிறாரா என்று நான் பார்க்கவில்லை. அது என் வேலையில் சேராது.

"முடிஞ்சுது" என்றார் சதாசிவம். "நெசப் பத்திரத்துலயும் இப்பிடியே போட்டுரலாமுங் தம்பி."

"இன்னொருத்தர் இருக்காருங்களே."

சென்னியப்பன் அந்த நேரத்தில் தண்ணீர்க் குடத்தருகே போயிருந்தார். குடித்தார். இன்னொரு டம்ளர் குடித்தார். "எனக்கென்னங்க, போடறேன். வாங்கறதுக்கு யாருக்காச்சும் கசக்குமா?" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கையை வேட்டியில் துடைத்தார். உட்கார்ந்து வைத்தார். போட்டார்.

சிவப்பு.

"வேர்வை" என்றார். "கை ஈரம்." மறுபடி துடைத்துவிட்டுப் போட்டார்.

சிவப்பு.

சதாசிவம் என்னைப் பார்த்தார். மெசினு கோளாறு என்று நான் சொல்லவேண்டும் என்று அவர் கண் கெஞ்சியது. சிலேட்டு நான் அப்போதுதான் துடைத்தது. புதிதாக இருந்தது.

"அண்ணா" என்றார் கோகிலா. "உனக்கு வேண்டாமா?"

"வேண்டாம்னு யாரு சொன்னா?"

"உங்கையி சொல்லுது."

"கையி என்னத்தச் சொல்லும்? அதுக்கென்ன வாயா இருக்குது?"

"ஏனுங்க" என்றார் மஞ்சுளா. குரல் மாறியிருந்தது. "எங்கண்ணன் கொட்டாய்க்காரனக் கூட்டிட்டு வந்து நிக்கறாரு. இத்தன நாளா எங்க வீட்டு ஆளுங்ககிட்ட என்ன சொன்னீங்க? தங்கச்சி கையெழுத்துப் போட்டதும் தாரேன்னு சொன்னீங்கல்ல?"

"சொன்னேன்."

"தங்கச்சி போட்டாச்சு."

சென்னியப்பன் வாசலைப் பார்த்தார். டீக்கடையில் லோகநாதனின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பெரிய உண்மையைச் சொல்லப்போகிற ஆள் மாதிரி இல்லை. ரேஷன் கடையில் எடை குறைவதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிற மாதிரி இருந்தது.

"எனக்கு மாட்டேன்னு சொல்ல வராதும்மிணி. உனக்குத் தெரியுமல்ல? ஆரு வந்து கேட்டாலும் சரீன்னு வாயில வந்துருது. அப்பறம் ராத்திரி ஒறக்கம் வரமாட்டேங்குது. காத்தாடிக்காரங்க வந்தாங்க, கரண்டு எடுக்கக் கம்பம் நடறோம்னு. சூளைக்காரன் வந்தான், மண்ணெடுக்கறேன்னு. பட்டாயி பெரியம்மா மகன் வந்தான், காட்டுக்கு நடுவால வண்டித் தடம் விடச் சொல்லி. எல்லாத்துக்கிட்டயும் ஒண்ணேதான் சொன்னேன்."

"என்னன்னு?"

"தங்கச்சியும் பங்காளி, அவளை ஒரு வார்த்தை கேக்கோணும்னு."

"அப்பறம்?"

"அப்பறம் வந்து கேப்பாங்க. தங்கச்சி ஒத்துக்கலைன்னு சொல்லுவேன். போயிருவாங்க. என்ர மேல ஒருத்தனுக்கும் வருத்தமில்ல."

கோகிலா நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னைய ஒரு தடவையாச்சும் கேட்டியா?"

"இல்ல."

"அதனாலதான் பட்டாயி பெரியம்மா என்னையக் கண்டா மொகத்தத் திருப்பிக்கிதா?"

"அவங்க தடம் கேட்டாங்கல்ல."

"சூளைக்காரர் பொண்டாட்டி ரத்தம் குடுக்க என்ர லேபுக்கு வந்துட்டு, என்னையப் பாத்ததும் பக்கத்து லேபுக்குப் போனாளே?"

"அது எனக்குத் தெரியாது."

"காத்தாடிக் கம்பெனிக்காரங்க எனக்கு ஒரு கடுதாசி போட்டாங்க, 'உங்கள் கடுமையான நிலைப்பாட்டை மறுபரிசீலனை செய்யவும்'னு. யாருக்கோ வரவேண்டியது மாறி வந்துருச்சுன்னு குப்பையில போட்டேன்."

"அது உனக்குத்தான்" என்றார் சென்னியப்பன்.

"காங்கேயத்துல என்ர பின்னாடி பேசுனவங்க?"

சென்னியப்பன் குனிந்தார். செருப்பின் வாரைச் சரிசெய்தார்.

இந்த இடத்தில் கோகிலா கத்துவார் என்று நினைத்தேன். நான் என்றால் கத்தியிருப்பேன். இத்தனை வருடம் ஊர் முழுக்க இந்த அம்மாவின் பெயரை ஒருவர் கதவுத் தாழ்ப்பாள் மாதிரிப் பயன்படுத்தியிருக்கிறார், அதுவும் கேட்காமல். கத்தவும் செய்தார்.

"ஏண்ணா, உனக்கு நல்லவன்னு பேரு வேணும்னா நான் கெட்டவளா இருக்கோணுமா? நான் உனக்கு என்ன பண்ணுனேன்?"

"ஒண்ணும் பண்ணலம்மிணி. நீ கோயமுத்தூர்ல இருந்தே. இங்க இருக்கறவங்கள நான் தினமும் பாக்கோணும்."

"இது ஒரு பதிலா?"

"பதிலில்ல. நெசம்."

மஞ்சுளா நடுவில் புகுந்தார். "எங்கண்ணனுக்குக் குடுக்க இஷ்டமில்லைன்னா எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமல்ல?"

"உங்கிட்டச் சொன்னா நீ உங்கண்ணங்கிட்டச் சொல்லுவ."

"சொல்லத்தான் சொல்லுவேன்!" என்றவர் சற்று நின்றார். தட்டை மேசையில் வைத்தார். வாசலைப் பார்த்துவிட்டு, "எனக்கும் அந்தக் கோழி நாத்தம் ஆகாதுங்க" என்றார். "கெணத்தடியில போடறேன்னு அவரு சொன்ன அன்னைக்கே கொமட்டுச்சு. பொறந்த வீட்டு ஆளாச்சேன்னு இருந்தேன்."

யார் முதலில் சிரித்தது என்று எனக்குத் தெரியவில்லை. சதாசிவம்தான் என்று நினைக்கிறேன். அவர் சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்தார், முடியவில்லை. பிறகு கோகிலாவின் தோள் குலுங்கியது. கோபமும் சிரிப்பும் ஒரே தொண்டையில் வந்தால் ஒரு மாதிரியான சத்தம் வரும். அதுதான் வந்தது.

"ஏந் தம்பி" என்று என் பக்கம் திரும்பினார். "இப்ப என்ன பண்றது? நெசப் பத்திரத்துல போட்டா செவப்பு. செவப்பு விழுந்தா விசாரணை. இவரு என்னைய மெரட்டுனாருன்னு எழுதுவாங்களா, இல்ல நான் இவர மெரட்டி வாங்க வெச்சேன்னு எழுதுவாங்களா?"

"ரெண்டும் வேண்டாமுங்க. மூணாவது தடவைக்கு முன்னாடி பத்திரத்தத் திரும்ப எடுத்துக்கலாம். எடுத்துட்டா ரெண்டு செவப்பும் அழிஞ்சுரும். அந்த வரியும் வராது."

"அதுக்குக் கையெழுத்துப் போடோணுமா?"

"வேண்டாமுங்க. ஒரு பொத்தானை அழுத்துனாப் போதும். வேண்டாம்னு சொல்றதுக்கு அரசாங்கம் இன்னும் கையெழுத்துக் கேக்க ஆரம்பிக்கல."

அவர் பொத்தானை உடனே அழுத்தவில்லை. எழுந்து ஜன்னல்வரை நடந்தார், திரும்பி வந்தார். பெயரைக் கழுவ வந்தவர். பதிவில் வரி ஏறாது, ஆனால் நிலம் பெயரில் இருக்கும்வரை ஊர்ப் பேச்சும் இருக்கும். காங்கேயத்துப் பந்தி மறுபடி நடக்கும். அது எனக்கே தெரிந்தது.

"அண்ணா, ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. உனக்கு மாட்டேங்கற வார்த்தை வராது. எனக்கு வரும். நல்லாவே வரும், நாள் பூரா ஆளுங்க 'குத்தாதீங்க குத்தாதீங்க'ம்பாங்க, நான் குத்திட்டுத்தான் இருக்கேன். எம்பேரச் சொல்லிக்கோ. ஆனா சொல்றதுக்கு முன்னாடி எனக்கு ஃபோனப் போடு. ஆரு வந்தா, என்ன கேட்டா, எல்லாம் எனக்குத் தெரியோணும். மாட்டேன்னு நான் நெசமாலுமே சொன்னதுக்கப்பறம்தான் நீ வெளிய சொல்லோணும்."

"சரி."

"பாரு, ஒடனே சரீங்கற. ஒரு தடவ மாட்டேன்னு சொல்லிப் பழகு."

"எதுக்கு?"

"நான் இந்த வருசம் சோளம் வேண்டாம், கம்பு போடுன்னு சொல்றேன்."

சென்னியப்பன் நீண்ட நேரம் யோசித்தார். "கம்பு... மயிலு வுடாதும்மிணி" என்றார். அவர் வாழ்க்கையில் மறுப்புக்கு மிக அருகில் வந்த இடம் அதுவாகத்தான் இருக்கும்.

"மயில நான் பாத்துக்கறேன். நானும் பங்குக்காரிதான். விதைக்கறப்ப வாறேன்." பொத்தானை அழுத்தினார். பத்திரம் திரையிலிருந்து மறைந்தது. இரண்டு சிவப்பும் மறைந்தன. மஞ்சுளா கீழே கிடந்த பூவை எடுத்து ஊதிவிட்டு, புடவையோடு கோகிலாவின் கையில் கொடுத்தார். "பத்திரத்துக்கு எடுத்தது. இப்ப எதுக்குன்னு வெச்சுக்கறது?"

"கம்புக்குன்னு வெச்சுக்குவோம்" என்றார் கோகிலா.

என் வேலை முடியவில்லை. வந்த காரியம் முடிந்ததா என்று எங்கள் நிறுவனத்துக்கு ஒரு படிவம் உண்டு. பழுது என்ன என்ற கட்டத்தில் 'கையெழுத்து வரிசை மாறியது' என்று எழுதினேன். சதாசிவம் எட்டிப் பார்த்துவிட்டு நிம்மதியானார். கடிகாரத்தைப் பற்றி எழுதவில்லை. அவருக்கும் பிழைப்பு நடக்க வேண்டும். படிவத்தின் கடைசியில் பழுது நீங்கியதா என்று கேட்கும். வாடிக்கையாளர் மனதார ஆம் என்று சொல்லிச் சிலேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் படிவத்துக்கு மட்டும் அரைமனதுக்கு ஒரு மஞ்சளும் உண்டு. பொதுவாக அதில்தான் முடியும், அதையும் ஏற்றுக்கொள்வார்கள். பத்திரமே போடாமல் பழுது நீங்கிவிட்டது என்று யாரிடமும் நான் கையெழுத்து வாங்கியதில்லை. கோகிலாவிடம் நீட்டினேன். அவர் படித்துப் பார்த்தார், ஆம் என்பதில் குறியிட்டார், இடது கையைக் கண்ணாடியில் வைத்தார்.

அப்போதுதான் லோகநாதன் முழுதாக உள்ளே வந்தார். "என்ன மாப்ள, இத்தன நேரம்? கொட்டாய்க்காரன் வெயில்ல நிக்கறான்."

சென்னியப்பன் எழுந்தார். "மச்சான், அது வந்துங்க, தங்கச்சிய..." என்று ஆரம்பித்து, தங்கை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வர, வாய் அப்படியே நின்றது.

கோகிலா தலையைத் தூக்கவில்லை. பேனா வலது கையில். உள்ளங்கை சிலேட்டின் மேல்.

"நாந்தானுங்க மாமா மாட்டேன்னுட்டேன். எம்பட பங்க நான் விடறதா இல்லீங். கோழிக் கொட்டாயெல்லாம் அங்க ஆகாதுங்க."

"என்ன அம்மிணி இது? மனசார விடறேன்னு சொல்லித்தானே வந்தே?"

"வந்தேனுங்க. இப்ப மனசில்லீங்."

கையெழுத்தை முடித்தார். சிலேட்டு பளிச்சென்று பச்சை காட்டியது. மஞ்சள்கூட இல்லை.

லோகநாதன் அந்தப் பச்சையைப் பார்த்தார். ஊரில் எல்லாரும் அதை நம்புகிற மாதிரி அவரும் நம்பினார். எந்தப் படிவத்துக்கு விழுந்த பச்சை என்று பார்க்கவில்லை. யாரும் பார்ப்பதில்லை. பிறகு கொட்டகைக்காரனுக்குப் போன் செய்ய வெளியே போனார். போகும்போது தன் தங்கையிடம், "உன்ர நாத்தனா சரியான ஆளு அம்மிணி" என்று சொல்லிவிட்டுப் போனது எல்லாருக்கும் கேட்டது. மஞ்சுளா வருத்தமாகத் தலையாட்டினார், மிக நன்றாக.

அது எங்கள் நிறுவனத்தின் படிவம் என்று நான் சொல்லியிருக்கலாம். சிலேட்டுக்குக் காது கிடையாது, அதற்குக் கை மட்டும்தான் தெரியும் என்றும் விளக்கியிருக்கலாம். ஆனால் கோகிலா மனசில்லை என்று சொன்னபோது கை அங்கேதான் இருந்தது. பிறகு கருவிகளைப் பெட்டிக்குள் வைக்குமுன் நாடியின் கோட்டை ஒரு முறை பார்த்தேன். மாதிரிப் படிவத்தில் மனதார விட்டுக்கொடுக்கிறேன் என்று போட்டபோது வந்த அதே கோடு. தட்டையாக, ஒரு நடுக்கமும் இல்லாமல்.